“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை” என்கிறார் அம்மா: உளநல மருத்துவர் பதில்கள்

பக்கத்து வீட்டார் கிணற்றுக்குள் நஞ்சு போடுவதாக அம்மா மாதக்கணக்கில் சொல்கிறார். இரவில் நித்திரை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் “எனக்கென்ன விசரோ?” என்று சண்டை பிடிக்கிறார். (மகள், சாவகச்சேரி)

இதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். இப்படியான மனநோய்களில், தனக்கு நோய் இருப்பதை உணரும் திறனே பலருக்குக் குறைந்துவிடும். அம்மாவுக்கு அந்த நஞ்சு உண்மை. தண்ணீரைச் சோதித்து அறிக்கையைக் காட்டினாலும், சோதித்தவர்களையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பார். ஆகவே நஞ்சைப் பற்றி வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். “பயந்து பயந்து நித்திரையும் இல்லாமல் கிடக்கிறீங்கள் அம்மா” என்று பக்கத்தில் இருந்து கதையுங்கள். நித்திரையின்மை அவரே ஒத்துக்கொள்ளும் கஷ்டம். அதற்கு மருந்து எடுக்க என்றால் வரக்கூடும். அவர் நம்பும் குடும்ப வைத்தியரிடம் முதலில் போனாலும் நல்லதுதான். தைரொயிட் கோளாறும் விற்றமின் பி12 குறைபாடும்கூட மனதைக் குழப்பும், இரத்தப் பரிசோதனையில் அவை தெரிந்துவிடும்.

கல்யாண வீட்டுக்கு என்று பொய் சொல்லி ஏற்றி வராதீர்கள். அன்றைக்கு வருவார், பிறகு உங்களோடு படலையைத் தாண்டவும் யோசிப்பார்.

அம்மா வராவிட்டாலும் நீங்கள் வரலாம். பலர் இதை அறியாமலே வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை போன்றவற்றின் உளநலப் பிரிவில் நடந்ததைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்க வழி உண்டா என்றும் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

சாப்பாட்டில் ஏதோ கலக்கிறோம் என்று பயப்படும் அப்பா, மனநோய்க்குக் கொடுத்த குளிசையைத் துப்புகிறார். தேத்தண்ணியில் கலந்து கொடுக்கலாமா? (மகன், கரவெட்டி)

வேண்டாம். ஒருநாள் கண்டுபிடித்தால், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற அவருடைய பயத்தை நீங்களே உண்மையாக்கிவிடுவீர்கள். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதும் தெரியாது. கடுமையான மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் மருந்து என்றால் ஆபத்து இன்னும் கூட, அதைத் தொடங்கியதிலிருந்து முதல் 18 வாரமும் வாராவாரம் இரத்தம் சோதிக்க வேண்டும். ஏன் துப்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். கை நடுக்கம், உடம்புப் பாரம், பகல் முழுக்கத் தூக்கம் என்று நியாயமான காரணம் இருக்கும். அதை வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றலாம். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் உண்டு, அப்பா சம்மதித்தால்.

கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை, நூல் கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். அதற்காக மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

72 வயது அம்மம்மா மூன்று நாளாக இடம் தெரியாமல் புலம்புகிறார். கிளினிக் நாள் வரை பொறுக்கலாமா? (பேரன், நல்லூர்)

பொறுக்காதீர்கள், இன்றே கொண்டுபோங்கள். முதியவருக்குத் திடீரென இப்படி வந்தால் சிறுநீர்த் தொற்று, சீனி இறங்குதல் போன்ற உடல் காரணங்களையே முதலில் தேட வேண்டும்.

“நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்கிறார் அப்பா. சாப்பாடும் குறைந்துவிட்டது. நான் கனடாவில். (மகள்)

“சாகவேண்டும் என்று யோசிக்கிறீங்களா அப்பா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால், அல்லது பதில் சொல்லாமல் இருந்தால், இன்றிரவே உறவினர் ஒருவர் அவரோடு தங்கட்டும். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளையும் மிஞ்சிய குளிசைகளையும் அந்த வளவிலிருந்தே அகற்றச் சொல்லுங்கள். கூட இருப்பவர் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சம்மதத்துக்குக் காத்திராமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் பிறகு கோபிப்பார், பரவாயில்லை.