சீனாவுக்கு முதல்முறை போகிறேன். பெருஞ்சுவர் தவிர, அவர்கள் பண்பாட்டைப் புரிந்துகொள்ள எந்த ஊருக்குப் போகலாம்?

சுவான்சோவுக்குப் போங்கள். ஃபூஜியான் மாகாணத்துக் கடற்கரை ஊர். ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். (டிக்கெட் எடுக்கும்போது குவாங்சோ என்று போட்டுவிடாதீர்கள். அது வேறு மாகாணம்.) ஷியாமெனில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தால் நான் ஓடியது இந்த ஊருக்குத்தான்.

பெய்ஜிங் அரண்மனை பிரமாண்டம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இப்போது நம்மைப் போல டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும்தான். சுவான்சோவில் பழைய இடங்களெல்லாம் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

தூமென் தெருவிலேயே தொடங்குங்கள். 1009-இல் எழுந்த சிங்ஜிங் பள்ளிவாசல். பழைய தொழுகைக் கூடத்துக்குக் கூரை கிடையாது, கருங்கல் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கொஞ்ச தூரத்திலேயே குவான் தி கோயில். குவான் தி, சீனா மூன்று அரசுகளாகப் பிரிந்த காலத்துத் தளபதி, இன்று தெய்வம். ஊதுவத்திப் புகையில் கண் எரியும், ஆனாலும் அரை மணி நேரமாவது நில்லுங்கள். அங்கே குறி கேட்க, அவரைக்கொட்டை வடிவில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். மண்டியிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டை, ஒன்று உப்பல் என்று விழுந்தால் சம்மதம். இரண்டும் உப்பல் மேலே என்றால் கிடையாது. இரண்டும் தட்டை மேலே என்றால் சாமி சிரிக்கிறார், திரும்பக் கேள் என்று அர்த்தம். நம்மூரில் பூப்போட்டுக் கேட்பதேதான். கழுத்தில் அலுவலக அடையாள அட்டையோடு ஓர் இளைஞர், 'கிடையாது' என்றே விழ விழ, முணுமுணுத்துக்கொண்டு மறுபடி மறுபடி போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கையுவான் கோயில். 686-இல் தோன்றிய பௌத்தக் கோயில், 13-ஆம் நூற்றாண்டின் இரட்டைக் கல் கோபுரங்கள் உண்டு. எல்லோரும் முன்பக்கம் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிரதான மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்: இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும்! அந்தக் காலத்தில் இங்கே தங்கி வியாபாரம் செய்த தமிழ் வணிகர்களின் கோயில் சிதைந்த பிறகு அதன் தூண்கள் இங்கே வந்தன என்கிறார்கள் ஆய்வாளர்கள். சம்பந்தப்பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இந்த ஊரில் கிடைத்ததுதான்.

நேரமிருந்தால் லுவோயாங் பாலம். 1059-இல் கட்டி முடித்தது. அடிக்கற்கள் அலையில் நகராமலிருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்துப் பிணைத்திருக்கிறார்கள். சிமென்ட் வேலையைச் சிப்பி செய்திருக்கிறது.

ஷுன்பு மீனவக் கிராமத்தில் பாட்டிமார் கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூ வைத்திருப்பார்கள். இப்போது வாடகை உடையில் படமெடுக்க வரும் கூட்டம் அதிகம். காலையிலேயே போனால் ஊர்க்காரர்களைப் பார்க்கலாம். அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டு விடுமுறையும் மட்டும் வேண்டாம், ரயிலில் இடமே கிடைக்காது.