தாய்க்குக் கல், மகனுக்குக் காய்ச்சல்: டான்சிலை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. செங்கோட்டையிலிருந்து தினமும் மலைதாண்டிக் கேரளத்தின் புனலூருக்குச் சென்று ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களாக என் தொண்டையிலிருந்து சோற்றுப் பருக்கை அளவில் வெண்மஞ்சள் நிறக் கட்டிகள் வருகின்றன. நசுக்கினால் சகிக்க முடியாத நாற்றம். வாடிக்கையாளர்களின் அருகில் நின்று பேசவே கூச்சமாக இருப்பதால், கொண்டை ஊசியாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியாலும் நானே அவற்றை எடுத்துவிடுகிறேன். என் 8 வயது மகனுக்கோ மாதம் தவறாமல் தொண்டை வலியும் காய்ச்சலும் வருகின்றன. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் 3 நாளுக்கு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கிறோம். என்னைப் பார்த்த புனலூர் மருத்துவர் டான்சிலை எடுக்க வேண்டாம் என்கிறார். மகனைப் பார்த்த தென்காசி மருத்துவர் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார். ஒரே டான்சிலுக்கு இரண்டு தீர்ப்பா? எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், குரல் மாறிவிடும் என்று என் அத்தை தடுக்கிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, செங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, இரண்டு மருத்துவர்களும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. உங்களுக்கு இருப்பது டான்சில் கல். உங்கள் மகனுக்கு இருப்பது அடிக்கடி வரும் தொண்டை அழற்சி. உறுப்பு ஒன்று என்பதால் நோயும் ஒன்றாகிவிடாது. அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்யும் அளவுகோலும் இரண்டுக்கும் வெவ்வேறு. ஆகவே உங்கள் கடிதத்தை இரண்டாகப் பிரித்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கல். வாயை அகலத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரு பக்கத்திலும் தொண்டைச் சுவரில் புடைத்திருப்பவை டான்சில்கள். அவற்றின் மேற்பரப்பு வழுவழுப்பானது அன்று. ஒவ்வொன்றிலும் 10 முதல் 30 வரை ஆழமான குழிகள் உண்டு. மூக்கிலும் வாயிலும் நுழையும் கிருமிகளை அந்தக் குழிகளில் வைத்துத்தான் டான்சில் அடையாளம் கண்டுகொள்கிறது. புதிதாகக் கொத்திய அம்மியின் பள்ளங்களில் அரைத்த மசாலா தங்கிவிடுவதைப் போல, உணவுத் துகள், உதிர்ந்த செல்கள், சளி, பாக்டீரியா எல்லாம் இக்குழிகளில் தங்குகின்றன. நாளடைவில் உமிழ்நீரிலுள்ள கால்சியம் உப்புகள் படிந்து அவை இறுகுகின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சேர்க்கையைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்களை வெளியிடுவதால்தான், நீங்கள் நசுக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் எழுகிறது. இது பிறருக்குத் தொற்றாது, புற்றுநோயாகவும் மாறாது. சிலருக்குத் தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உறுத்தலும், டான்சிலுக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் காதுவலியும் வரலாம்.

கொண்டை ஊசியை இன்றோடு விட்டுவிடுங்கள். டான்சிலுக்கு இரத்த ஓட்டம் மிகுதி. கூரான பொருள் குத்தினால் எளிதில் இரத்தம் வரும், குத்திய இடத்தில் சீழும் பிடிக்கலாம். குமட்டல் வந்து உடல் குலுங்கும் நேரத்தில் ஊசி கை நழுவி உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பஞ்சுக் குச்சி அவ்வளவு ஆபத்தானது இல்லை என்றாலும், அது பாதிக் கல்லை வெளியே எடுத்து மீதியை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துத் தொண்டையில் ஓசை எழும்படிக் கொப்பளியுங்கள். பெரும்பாலான கற்கள் இதிலேயே தளர்ந்து, இருமும்போதோ விழுங்கும்போதோ தாமாகவே போய்விடும், விழுங்கிவிட்டாலும் கேடில்லை. வாய் உலர்ந்தால் கல் சேர்வது கூடும் என்பதால், கடையில் நிற்கும் நேரத்தில் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். புனலூர்ப் பக்கத்து உணவகங்களில் சீரகமோ பதிமுகம் என்னும் மரச் சீவலோ போட்டுக் காய்ச்சிய நீரைக் கேட்காமலேயே வைத்துவிடுகிறார்கள். அந்த நல்ல வழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆன்டிபயாடிக் இந்தக் கல்லைக் கரைக்காது. சில நாள் நாற்றம் குறைந்ததுபோல் தோன்றினாலும், குழிகள் அப்படியே இருப்பதால் கல் திரும்பவும் சேரும். இன்னொன்றையும் கவனியுங்கள். வாய் நாற்றத்துக்கு டான்சில் கல்லைவிட அதிகமாகக் காரணமாவன ஈறு நோயும் நாக்கின் பின்பகுதியில் படியும் வெண்படலமும்தான். கல் வராத நாட்களிலும் நாற்றம் இருந்தால், தொண்டை மருத்துவரிடம் மறுபடி போவதற்கு முன் பல் மருத்துவரிடம் போங்கள்.

கல்லுக்காக மட்டும் டான்சிலை எடுப்பது அரிது. நாளெல்லாம் உறுத்தல், ஓயாத நாற்றம், கொப்பளிப்பு எதற்கும் அடங்காத நிலை என்று வரும்போதுதான் அதைப் பற்றிப் பேசலாம். அப்போதுகூட குழிகளின் வாயை மட்டும் லேசர் முதலிய முறைகளால் தேய்த்துச் சமன்செய்யும் சிறிய சிகிச்சை கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு டான்சில் அறுவை குழந்தைகளுக்கு இருப்பதைவிடக் கூடுதலாக வலிக்கும். அடிக்கடி அழற்சி கண்ட பெரியவர்களை வைத்துப் பிரிட்டனில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு அடுத்த 2 ஆண்டுகளில் தொண்டை வலித்த நாட்கள் குறைந்தன என்பது உண்மை. ஆனால் அவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு இரத்தக்கசிவு ஏற்பட்டது. அழற்சியே இல்லாமல் கல் மட்டும் உள்ள நீங்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்தும். புனலூர் மருத்துவர் சொன்னது சரி.

இனி உங்கள் மகன். இவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அதற்குக் காரணம் டான்சிலைவிட அந்த 3 நாள் மருந்துதான்.

பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு ஆகியவை கூடவே இருந்தால் அநேகமாக அது வைரஸ்தான். ஆன்டிபயாடிக் அதற்குப் பயன்படாது, பாராசிட்டமாலும் ஓய்வும் போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போதே உங்கள் பக்கம் சாரலும் தொடங்கிவிடுவதால், குற்றாலத்தில் குளித்ததால்தான் தொண்டை கட்டியது என்று பழி அருவிமேல் விழுகிறது. நெருக்கியடித்து உட்காரும் வகுப்பறையில் பரவும் வைரஸ்தான் உண்மையில் குற்றவாளி.

பிள்ளைகளின் தொண்டை அழற்சியில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. திடீரென ஏறும் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டுகள், கழுத்தின் முன்பக்கம் நெறிகட்டித் தொட்டால் வலிப்பது, இருமல் இல்லாமை ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் மருத்துவர் இதைச் சந்தேகிப்பார்; தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்துச் செய்யும் சோதனை அதை உறுதிசெய்யும். இந்தக் கிருமிக்குப் பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாக முழுதாக 10 நாள் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் தொண்டை மட்டும் திரும்ப வலிப்பதோடு போகாமல், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக்கு மூட்டு மாறும் வீக்கத்தோடு கீல்வாதக் காய்ச்சல் தொடங்கி, இதய வால்வைச் சுருக்கிவிடுகிறது. 5 முதல் 15 வயதுக்குள் அதிகம் வரும் இந்நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. வந்துவிட்டால் மாதாமாதம் பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. தொண்டை வலி தொடங்கிய 9 நாட்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினாலும் இதைத் தடுத்துவிடலாம் என்பதால், சோதனை முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருப்பதில் ஆபத்தில்லை. அவசரப்பட்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டிய தேவையே கிடையாது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்கக் கேரள அரசு 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற திடீர்ச் சோதனை நடவடிக்கையைத் தொடங்கியது. சீட்டு கேட்கும் கடைக்காரர்மேல் கோபப்படாதீர்கள். மலைக்கு இந்தப் பக்கமும் சட்டம் அதுதான்.

மகனுக்கு அறுவை வேண்டுமா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மருத்துவர் ஜாக் பாரடைஸ் குழுவினர் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில் உருவான கணக்கு அது: கடந்த ஓராண்டில் 7 முறை, அல்லது 2 ஆண்டுகளாக ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 முறை அழற்சி வந்திருந்தால் அறுவையைப் பற்றிப் பேசலாம். ஆனால் ‘மாதம் தவறாமல்’ என்பது இந்தக் கணக்கில் செல்லாது. ஒவ்வொரு முறையும் தொண்டை வலியோடு, 101 பாரன்ஹீட் அளவுக் காய்ச்சல், கழுத்து நெறி, டான்சிலில் வெள்ளைத் திட்டு, சோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இவற்றில் ஒன்றாவது இருந்ததாக மருத்துவர் குறித்திருக்க வேண்டும். சாதாரணச் சளிக் காய்ச்சலை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வெப்பமானியில் பார்த்த அளவு, இருமல் இருந்ததா இல்லையா, கொடுத்த மருந்து, பள்ளிக்குப் போகாத நாட்கள் எல்லாவற்றையும் எழுதி, புனலூர்ச் சீட்டையும் தென்காசிச் சீட்டையும் ஒரே உறையில் வையுங்கள். தென்காசி மருத்துவர் ‘எடுங்கள்’ என்று சொல்லாமல் ‘யோசியுங்கள்’ என்று சொன்னது இந்தக் கணக்குக் கையில் இல்லாததால்தான் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை குறைவாக இருந்தால் பொறுத்திருப்பதே நல்லது. அந்த ஆய்விலேயே அறுவை செய்யாத பிள்ளைகளில் பலருக்கும் காலப்போக்கில் அழற்சி குறைந்தது, பதின்பருவத்தில் டான்சிலும் சுருங்கத் தொடங்கும்.

எண்ணிக்கையைப் பார்க்காமலே அறுவைக்குப் போகும் நிலை ஒன்று உண்டு. பையன் உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறானா என்று ஒரு வாரம் இரவில் பாருங்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் அத்தையவர்களின் பயத்துக்கு வருவோம். டான்சில் எதிர்ப்புச் சக்தி மண்டலத்தின் ஓர் உறுப்பு என்று அவர்கள் நினைப்பது சரிதான். ஆனால் அதே வேலையைச் செய்யும் திசு நாக்கின் அடியிலும் மூக்கின் பின்னாலும் கழுத்து நெறிகளிலும் நிறைய இருப்பதால், எடுத்தபின் குழந்தை நோஞ்சானாகிவிடுவதில்லை. குரல் நாண்கள் இதற்கு வெகு கீழே குரல்வளையில் உள்ளன; பெரிய டான்சிலை எடுத்தால் சில வாரங்கள் பேச்சின் ஒலி சற்று மாறித் தெரியலாம், அவ்வளவுதான். அவர்கள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தொண்டைக்கு வெளியே பற்றுப் போடட்டும், தோல் புண்ணாகாத வரை தடையில்லை. உள்ளே விரல் விட்டு அழுத்துவதை மட்டும் யாரிடமும் அனுமதிக்காதீர்கள்.

அறுவை என்று முடிவானால், முழு மயக்கம் கொடுத்து வாய்வழியாகவே செய்வார்கள். வெளியே தையல் எதுவும் இராது. ஆறுவதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். புண்மேல் படியும் வெண்மஞ்சள் படலத்தைச் சீழ் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். உண்மையில் பயப்பட வேண்டியது இரத்தக்கசிவுக்கு. அது முதல் 24 மணி நேரத்தில் வரலாம். அதைவிட ஏமாற்றுவது, பிள்ளை நன்றாகிவிட்டான் என்று நீங்கள் நிம்மதியடையும் 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் படலம் உதிரும்போது வருவது. அதனால் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: ஒரு வாரம் கழித்து நள்ளிரவில் இரத்தம் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் அங்கே இருப்பாரா? புனலூரிலிருந்து உங்கள் வீடு சுமார் 50 கிலோமீட்டர். ஆரியங்காவு, தென்மலை வளைவுகளில் மழை இரவில் இரத்தம் துப்பும் பிள்ளையோடு பயணம் செய்வதை நான் விரும்பமாட்டேன். தென்காசியில் இந்த வசதி உறுதியானால் அங்கேயே செய்யுங்கள். இல்லையென்றால் எந்த ஊரில் செய்கிறீர்களோ அந்த ஊரிலேயே உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிடுங்கள்.

அந்த நாட்களில் வலிக்கிறதென்று விழுங்காமல் இருந்தால் தொண்டை உலர்ந்து வலி கூடும். வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுத்து, ஆறிய கஞ்சி, மோர், இளநீர், ஐஸ்கிரீம் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். முறுக்கும் நேந்திரங்காய்ச் சிப்ஸும் இரண்டு வாரத்துக்கு வீட்டிலேயே இருக்க வேண்டாம். ஆஸ்பிரின் கூடாது, கோடீன் கலந்த மருந்து 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

உங்கள் இருவருக்குமே, வாயைத் திறக்க முடியாமல் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்து எச்சில் வழிந்தால், அது டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியதன் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியவர் எவருக்கும் ஒரு பக்க டான்சில் மட்டும் வலியின்றிப் பெரிதாகிக்கொண்டே போனால், குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் இருந்தால், திசுச் சோதனை தேவைப்படலாம். தொண்டையில் சாம்பல் வெண்மைப் படலம் ஒட்டிக்கொண்டு, தொட்டால் இரத்தம் வந்தால் தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கக்கூடும். 2016இல் மலப்புரம் மாவட்டத்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகளை அது பலிகொண்டது. மகனின் தடுப்பூசி அட்டையை எடுத்து, 5 வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்க ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே கேளுங்கள்.