கல்லீரலுக்கு அளவு தெரிவது எப்படி?

கேள்வி: என் தங்கை தன் கணவருக்குக் கல்லீரலில் பாதிக்கு மேல் தானமாகக் கொடுத்திருக்கிறாள். சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்கிறார் மருத்துவர். வளர்வது சரி, ‘போதும், நிறுத்து’ என்று அதற்குச் சொல்வது யார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வெட்டி எடுத்த மடல் மறுபடி முளைப்பதில்லை, எஞ்சிய பகுதியே பருத்து, குறைந்த எடையை ஈடுகட்டுகிறது. எங்கே நிறுத்துவது என்பதில் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே விதி கிடையாது. பல்லி போன்ற நீர்நில வாழ்வியான சாலமாண்டரில், பெரிய இனத்தின் கால் மொட்டைச் சிறிய இனத்தின் உடலில் ஒட்டவைத்தபோது, அது புதிய உடலைச் சட்டை செய்யாமல் தன் இனத்துக்குரிய அளவுக்கே வளர்ந்ததை 1931-இல் டுவிட்டி, ஷ்விண்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். கல்லீரலோ இடமறிந்து நடப்பது: சிறிய நாயின் கல்லீரலைப் பெரிய நாய்க்குப் பொருத்தினால், பெரிய நாய்க்கு வேண்டிய அளவுக்கு அது வளர்ந்துவிடுகிறது.

உடலின் தேவையைச் செல் எப்படி அறிகிறது? பித்த அமிலங்களின் அளவு ஒரு குறிப்பு. பக்கத்துச் செல்களின் நெருக்கம் இன்னொன்று. நெருக்கத்தைச் செல்லின் உட்கருவரை கொண்டுசேர்க்கும் சமிக்ஞைத் தொடருக்கு ‘ஹிப்போ’ என்று பெயர். 2003-இல் பழ ஈக்களில் கண்டறியப்பட்ட ‘ஹிப்போ’ மரபணு பழுதானால், செல்கள் அளவின்றிப் பெருகுவதோடு, சாக வேண்டியவையும் சாகாமல் தங்கிவிடுவதால், உறுப்பு தடித்து மடிப்பு மடிப்பாகிவிடுகிறது. செல்கள் நெருங்கி நிற்கையில், அந்த மரபணு உருவாக்கும் ஹிப்போ நொதி அடுத்த நொதியைத் தூண்ட, அது பாலூட்டிகளில் ‘யாப்’ எனப்படும் புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றி உட்கருவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இடம் காலியானால் யாப் உள்ளே நுழைந்து, ‘டெட்’ எனும் புரதத்தோடு சேர்ந்து, பெருக்கத்துக்கான மரபணுக்களை இயக்குகிறது.

இதற்கு 2007-இல் வெளியான சுண்டெலிச் சோதனையைவிடத் தெளிவான சான்று இல்லை என்பேன். குடிநீரில் டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கலந்தால் மட்டும் கல்லீரலில் யாப் மிகுதியாக உற்பத்தியாகும்படி மாற்றப்பட்ட சுண்டெலிகள் அவை. உடல் எடையில் 5 விழுக்காடாக இருந்த கல்லீரல், சில வாரங்களில் 25 விழுக்காட்டை எட்டி, வயிற்றை அடைத்துக்கொண்டது. மருந்தை நிறுத்தியதும் மிகையான செல்கள் மடிந்து, கல்லீரல் பழைய அளவுக்குச் சுருங்கியது. நிறுத்தாமல் மாதக்கணக்கில் கொடுத்தவற்றுக்கோ கல்லீரலில் புற்றுக்கட்டிகள் தோன்றின. யாப்பும் டெட்டும் சேர்வதைத் தடுக்கும் மருந்துகள் இப்போது புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருவது அதனால்தான்.