கல்யாணப் போட்டோவுக்கு எந்த ஹார்டு டிஸ்க் வாங்குவது?

கேள்வி: நாங்க கோபி பக்கமுங்க. பொண்ணு கல்யாணம், பேரன் காதுகுத்து, ரெண்டு செல்போன்ல இருக்கற படம் எல்லாம் ஒட்டுக்கா சேர்த்தா 700 ஜிபி வருது. 2016ல வாங்கின 1 டிபி ஹார்டு டிஸ்க்ல வெச்சிருக்கறோம். அது இப்ப சொருகினா சில நேரம் தெரியுது, சில நேரம் தெரியறதில்லை. ஈரோட்டுல ஒரு கடையில 2 டிபி எஸ்எஸ்டி 1,800 ரூபாய்ங்கறாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் 1 டிபி ஹார்டு டிஸ்க், சீல் பிரிக்காதது, 1,500க்கு வாங்கித் தர்றேங்கறார். எந்தக் கம்பெனி வாங்கினா கெட்டுப்போகாதுங்க?

பதில்: அந்த இரண்டையும் வாங்காதீர்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

கெட்டுப்போகாத கம்பெனி என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு உலகத்தில் ஹார்டு டிஸ்க் தயாரிப்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெட்டியின் மேல் வேறு பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே சுற்றுவது இந்த மூவரில் ஒருவருடைய டிஸ்க்தான். மூன்றும் நன்றாகவே ஓடும், மூன்றும் ஒருநாள் நின்றும் போகும். அதனால் 2 டிபி அளவில் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று ஒரு கம்பெனி, மற்றது வேறு கம்பெனி. ஒரே கம்பெனிதான் கிடைக்கிறது என்றால், ஒரு மாதம் கழித்து வேறு கடையில் இரண்டாவதை வாங்குங்கள். ஒரே சமயத்தில் ஒரே தொகுப்பாகத் தயாரான டிஸ்க்குகளில் ஒரே குறை இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தாற்போல் போனால் இரண்டு வைத்திருந்து பயனில்லை.

கையடக்கமான 2.5 அங்குல வகையே உங்களுக்குப் போதும். அது யுஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரிய 3.5 அங்குலப் பெட்டிக்குத் தனி அடாப்டர் வேண்டும். நகல் ஓடும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய நிலையில் டிஸ்க் அணைந்துவிடும். லேப்டாப்பில் சொருகிய சின்ன டிஸ்க்குக்கு அந்த ஆபத்து இல்லை, பேட்டரி தாங்கிக்கொள்ளும். வாங்கி வந்ததும் 2 டிபி டிஸ்க் விண்டோஸில் 1.81 டிபி என்று காட்டும். அது மோசடி இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

மோசடி எது என்றால், அந்த 1,800 ரூபாய் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிரைவ்). 2 டிபி எஸ்எஸ்டி எந்தக் காலத்திலும் அந்த விலைக்கு வந்ததில்லை. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே விரல்நகம் அளவு மெமரி கார்டு ஒன்று, அதைச் சொருகிய சின்ன போர்டு ஒன்று, கையில் கனம் தெரிவதற்காகப் பசை வைத்து ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்று, இவ்வளவுதான் இருக்கும். கார்டின் உண்மையான அளவு 32 அல்லது 64 ஜிபி. போர்டில் உள்ள புரோகிராமை மாற்றி, கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். முதல் 64 ஜிபி சரியாகப் பதியும். அதற்கு மேல் போகும் படங்கள் பதியாமல் போகும், அல்லது முன்பு பதிந்ததை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்காரும். ஆனால் ஃபைல் பெயர் இருக்கும், அளவு காட்டும், நகலெடுத்தபோது பிழை எதுவும் வந்திருக்காது. நீங்கள் முதல் பத்துப் படத்தைத் திறந்து பார்த்து நிம்மதியாகிவிடுவீர்கள். ஆறு மாதம் கழித்து முகூர்த்தப் படத்தைத் தேடும்போதுதான் திறக்காது. அதற்குள் கடைக்காரர் கொடுத்த ஏழு நாள் மாற்றித் தரும் காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஆன்லைனில் 16 டிபி, 30 டிபி என்று இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வருவதும் இதே சரக்குதான்.

சொந்தக்காரர் சொல்லும் 1,500 ரூபாய் டிஸ்க் வேறு ரகம். அதில் இருப்பது பெரும்பாலும் பழைய லேப்டாப்பிலிருந்தோ சிசிடிவி பெட்டியிலிருந்தோ கழற்றிய டிஸ்க். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேசிங் என்ற வெளிக்கூட்டில் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிச் சூடு காட்டினால் சீல் ஆகிவிடும். சீல் பிரிக்காதது என்பதற்கு இவ்வளவுதான் அர்த்தம். இந்தத் தொழிலில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கையே அழிக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், டேட்டா சென்டர்களுக்கான சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடிய பிறகு கணக்கு அழிக்கப்பட்டு, புதிது என்று விற்கப்பட்டது வெளியே வந்தது. அங்கேயே அப்படி என்றால், பில் இல்லாமல் கை மாறி வரும் டிஸ்க்கை எதை நம்பி வாங்குவீர்கள்? சொந்தக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குக் கொடுத்தவர் யார் என்பது அவருக்கே தெரியாது.

கடையில் பணம் கொடுக்கும் முன்னே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, எம்ஆர்பி, புகாருக்கான தொலைபேசி எண் இவையெல்லாம் அச்சில் இருக்க வேண்டும், சட்டம் அப்படி. அடுத்து இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் அதனுடன் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும். யுஎஸ்பியில் சொருகும் ஹார்டு டிஸ்க்கும், 256 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்எஸ்டியும் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கின்றன. செல்போனில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியைப் போட்டு அந்த எண்ணைத் தட்டினால் பதிவு யார் பெயரில் என்று காட்டும். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் டிஸ்க்கின் முதுகில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே நம்பரைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டால் இந்தியாவில் செல்லும் வாரண்டியும் முடியும் தேதியும் வரவேண்டும். ஜிஎஸ்டி பில்லில் அந்த சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

இத்தனையையும் வாங்குகிறவரே ஏன் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. பதிவு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் பெரிய ஆன்லைன் கடைகளில் 16 டிபி டப்பா பகிரங்கமாக விற்கிறது. புகார் கொடுத்தால் அந்த விற்பனையாளரை நீக்குவார்கள், மறுவாரம் வேறு பெயரில் அதே படம் போட்டு அவரே வருவார். ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பணம் திரும்ப வர வழி உண்டு. படம் திரும்ப வராது. வாரண்டியும் அப்படித்தான். மூன்று வருட வாரண்டி என்றால் டிஸ்க்குக்கு மட்டும்தான், அதில் உள்ள போட்டோவுக்கு இல்லை. மாற்றித் தருவதும் பல சமயம் பழுது நீக்கிய டிஸ்க்காகவே இருக்கும். உங்கள் குடும்பப் படங்கள் உள்ள டிஸ்க்கை அவர்களிடமே ஒப்படைக்கவும் வேண்டும். இதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படங்களை ஏற்றாதீர்கள். காலி டிஸ்க்கை முதலில் சோதிக்க வேண்டும். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’, அதாவது இதுவரை ஓடிய மணி நேரம், என்று ஒரு எண் தெரியும். புது டிஸ்க்கில் அது பூஜ்யமாகவோ ஒன்றிரண்டாகவோ இருக்க வேண்டும். கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் தவிர வேறு எதுவும் இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். டிஸ்க்கின் பரப்பில் எழுத முடியாத இடங்கள் விழுந்துவிட்டன என்று அதற்குப் பொருள். பிறகு ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளை ஓட விடுங்கள். அது டிஸ்க் நிரம்பும்வரை எழுதி, எழுதியதை முழுக்கத் திரும்பப் படித்துப் பார்க்கும். 2 டிபிக்கு எழுத ஐந்தாறு மணி நேரம், படிக்க அதே அளவு. இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பொய் சொல்லும் டிரைவ் எதுவும் இந்தச் சோதனையைத் தாண்டாது. முடிந்ததும் அது எழுதிய ஃபைல்களை அழித்துவிட்டால் டிஸ்க் மறுபடி காலியாகிவிடும்.

இரவில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வகை டிஸ்க்குகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் வேலை வெப்பநிலை பொதுவாக 35 டிகிரி வரைதான். மே மாத மதியத்தில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தொடும்போது, மூடிய அறையில் மெத்தைமேல் வைத்து ஆறு மணி நேரம் ஓட்டினால் டிஸ்க் கொதித்துவிடும். டைல்ஸ் தரையில் படுக்க வைத்து, ஃபேன் போட்டு ஓட்டுங்கள். ஓடும்போது தூக்கவோ நகர்த்தவோ கூடாது. உள்ளே தட்டு சுற்றும்போது படிக்கும் முனை அதற்கு மேலே முடியைவிட மெல்லிய இடைவெளியில் மிதக்கிறது, ஒரு இடி போதும். சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் தரையே அதிரும். அங்கே தறி நிறுத்திய நேரத்தில்தான் நகலெடுக்க வேண்டும். பறக்கும் பஞ்சு யுஎஸ்பி வாயில் அடைத்துக்கொள்ளும், சொருகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகலெடுக்கும்போது ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும். ‘டெராகாப்பி’ மென்பொருளில் ‘வெரிஃபை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு படமும் அசலோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும். செல்போன் படங்களைக் கேபிள் போட்டு, கேமரா படங்கள் சேரும் ‘டிசிஐஎம்’ ஃபோல்டரிலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்தவை சுருங்கிப் போனவை. ஸ்டூடியோக்காரர் கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்திருந்தால் அது இருக்கும்போதே முழு அளவுப் படங்களை இறக்கிவிடுங்கள். எடுத்து முடித்ததும் ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுக்காமல் கேபிளைப் பிடுங்கக் கூடாது.

எஸ்எஸ்டியே வாங்கக் கூடாதா என்றால், ஒரே ஒரு விலக்கு உண்டு. டிரைவ் வீட்டில் இருக்காமல் பயணம் போகிறது என்றால் எஸ்எஸ்டிதான் சரி. மகன் கோவைக்கும் கோபிக்கும் வண்டியில் போய்வருகிறார், பையில் டிரைவ் போகிறது என்றால், சத்தியமங்கலம் ரோட்டில் ஒரு குழியில் ஹார்டு டிஸ்க்கின் உள்பாகம் பழுதாக வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் சுற்றும் பாகம் எதுவும் கிடையாது, குலுங்கினாலும் பயமில்லை. ஆனால் பயணத்துக்கு வாங்கியதைப் பயணத்துக்கு மட்டும் வையுங்கள், பீரோவில் போட்டு மறந்துவிடாதீர்கள். எஸ்எஸ்டி தன் டேட்டாவை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. கரண்ட் கொடுக்காமல் விட்டால் அது மெல்லக் கசியும், சூடு கூடினால் வேகமாகக் கசியும். மெமரி சிப் போன்றவற்றுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் என்ற அமைப்பின் தரவரையறைப்படி, எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த நிலையில் ஒரு வீட்டு உபயோக எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவைத் தாங்கினால் போதும். புதிது அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் ஓட்டு வீட்டு அட்டாலியின் சூட்டில் மூன்று வருடம் கிடந்ததை எடுத்து, கல்யாணப் படம் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொருகிச் சில மணி நேரம் விட்டு, படங்களைத் திறந்து பாருங்கள். பெயர்பெற்ற கம்பெனியே வாங்குங்கள். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது: 2023ல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ வகையில் சிலருக்கு டேட்டா திடீரென்று காணாமல் போய், டிரைவுக்குள் ஓடும் புரோகிராமுக்கு (ஃபர்ம்வேர்) கம்பெனி திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. ஆகப் பயணத்துக்கு எஸ்எஸ்டி வைத்திருந்தாலும் வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க் என்பது மாறாது.

அந்த இரண்டில் ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில் மகன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். திருட்டும் தீயும் இடியும் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் எப்படியும் போக்குவரத்து இருக்கும். அப்போது புதுப் படங்களை ஏற்றி மாற்றிக்கொள்ளுங்கள். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு உள்ளறை பீரோவில் வையுங்கள், அட்டாலி வேண்டாம். ஐந்து வருடம் ஆன டிஸ்க் நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுங்கள்.

இனி அந்த 2016 டிஸ்க். சில நேரம் தெரியாமல் போவதற்குப் பாதி சமயம் கேபிளோ, டிஸ்க்கில் அதைச் சொருகும் அகலமான வாய் ஆடிப்போனதோதான் காரணம். நல்ல குட்டைக் கேபிள் ஒன்று மாற்றி, லேப்டாப்பில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள், நடுவில் ஹப் (ஒரு யுஎஸ்பி வாயைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி) வேண்டாம். தெரிந்தால் முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் நகலெடுக்க முயலாதீர்கள். வேறெங்கும் இல்லாத படங்களை முதலில் எடுங்கள்: கல்யாணம், காதுகுத்து, பெரியவர்களின் பழைய படங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில். ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். சாகிற டிஸ்க்கில் அதை ஓட்டினால் மிச்சமிருக்கும் ஃபோல்டர்களும் கலைந்துபோகும். டொக் டொக் என்று சத்தம் வந்தால் அந்த நொடியே பிடுங்கி வைத்துவிட்டு, தூசி இல்லாத கிளீன் ரூம் உள்ள மீட்புக் கூடத்துக்கு மட்டும் கொடுங்கள். மேஜைமேல் வைத்து ஸ்க்ரூ கழற்றுகிறவரிடம் கொடுத்தால் பிறகு யாராலும் எடுக்க முடியாது.

புது டிஸ்க் வாங்கும் கடையில் பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள், கொடுக்காதீர்கள். அழித்த படங்களை இலவச மென்பொருளே மீட்டுவிடும். இரண்டு நகலும் சரிபார்த்த பிறகு பழையதை மூன்றாவது நகலாக அப்படியே வைத்திருங்கள். முழுதாகச் செத்த பிறகு தட்டு துளைபட டிரில் போட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.