ஜினியா உயரமாக வளர்கிறது, பூ மட்டும் குறைவு: என்ன செய்யலாம்?

கேள்வி: வீட்டு மதிலோரப் பாத்தியில் ஜினியா, செண்டுமல்லி, காஸ்மோஸ் ஆகியவற்றை வளர்க்கிறேன். நாற்றுத்தட்டில் விதைத்து, நாற்றுகள் நன்றாக உயர்ந்த பிறகு பிடுங்கி, நெருக்கமாக நட்டேன். ஜினியா ஒற்றைத் தண்டாக இடுப்பளவு வளர்ந்து, உச்சியில் ஓரிரு பூக்களோடு நின்றுவிட்டது. அடி இலைகளில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. சில இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. வாரந்தோறும் உரமிடுகிறேன். தினமும் மாலையில் செடி முழுவதும் நனையும்படி தண்ணீர் தெளிக்கிறேன். போன பருவத்தில் அடுக்கு இதழ் கொண்ட இளஞ்சிவப்புப் பூவிலிருந்து எடுத்த விதையைத்தான் விதைத்தேன். ஆனால் பூத்தவை ஓரடுக்காகவும் வேறு வேறு நிறங்களிலும் இருக்கின்றன. காரணம் என்ன?

பதில்: பூ குறைந்தால் உரம் போதவில்லை என்று நினைப்பது இயல்புதான். ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் செடிக்கு உணவுக் குறை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்குக் குறைவாகக் கிடைப்பவை வெயிலும் காற்றும். தேவைக்கு மேல் கிடைப்பவை தண்ணீரும், பூவைவிட இலையையே வளர்க்கும் தழைச்சத்தும். இவற்றோடு, கிள்ள வேண்டிய நேரத்தில் நுனி கிள்ளப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒற்றைத் தண்டு, உச்சியில் இரண்டு பூ, அடியில் நோய் ஆகிய மூன்றுக்குமே விளக்கம் கிடைத்துவிடும்.

ஜினியாவின் பூர்வீகம் மெக்சிகோவும் அதைச் சூழ்ந்த வறண்ட புல்வெளிகளும் புதர்க்காடுகளும். திறந்த வெளியில் முழு வெயிலில், தண்ணீர் எளிதில் வடிந்துவிடும் மண்ணில் வளர்ந்து பழகிய செடி அது. நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் அதற்கு வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நன்று. மதிலோரப் பாத்தியில் பாதி நாள் நிழல் விழும் என்பதோடு, மதிலை ஒட்டிய பகுதியில் காற்றோட்டமும் மந்தமாக இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலான நீளம் கூடி, செடி ஒளியைத் தேடி மேலே போகிறதே தவிரப் பக்கவாட்டில் கிளைப்பதில்லை. ஆகவே அடுத்த விதைப்புக்கு வேறு இடம் பார்ப்பதுதான் முதல் வேலை. வேறு இடமே இல்லை என்றால், மதிலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிப் பாத்தியை அமைத்தாலும் கண்கூடான வேறுபாடு தெரியும்.

நாற்றுத்தட்டைப் பொறுத்தவரை, ஜினியாவுக்கு அது அவசியமே இல்லை என்பது என் கருத்து. வேர் அசைவதை விரும்பாத இந்தச் செடியை, உயர்ந்து வேர்ப்பின்னல் விட்ட பிறகு பிடுங்கி நட்டால், அது நிலைகொள்வதற்கே பல நாட்கள் வீணாகும். அந்த அதிர்ச்சியில் முதல் பூக்கள் சிறுத்தும் இதழ் குறைந்தும் வருவதுண்டு. பனிக்காலம் முடிந்து மண்ணின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக விதைத்து மெல்லிய மண் போர்வை இட்டால், நான்கிலிருந்து ஏழு நாட்களுக்குள் முளை தெரிந்துவிடும். விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 70 நாட்களில் முதல் பூவை எதிர்பார்க்கலாம். தட்டில்தான் விதைத்தாக வேண்டும் என்றால், தனித்தனிக் குழியுள்ள தட்டில் விதைத்து, முளையோடு வரும் வித்திலைகளுக்கு அடுத்து வரும் உண்மை இலைகள் இரண்டு சோடி வந்ததுமே மண்ணுருண்டை உடையாமல் எடுத்து நட்டுவிடுங்கள்.

முளைத்த பிறகு மிகுதி நாற்றுகளை நீக்கி இடைவெளி விடுவதுதான் பலருக்கும் கைவராத வேலை. நன்றாக வளர்ந்து நிற்கும் நாற்றைப் பிடுங்கி எறிய மனம் வருவதில்லை. ஆனால் உயர ரகங்களுக்குச் செடிக்குச் செடி 25 முதல் 30 சென்டிமீட்டரும், குட்டை ரகங்களுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டரும் இடைவெளி இல்லாவிட்டால், அந்தப் பாத்தியில் அதிகம் செழிப்பது பூஞ்சையாகத்தான் இருக்கும். மிகுதி நாற்றுகளைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். அப்போது பக்கத்து நாற்றின் வேர் அசையாது.

இனி நோய்க்கு வருவோம். நீங்கள் சொல்லும் வெள்ளைப் பொடியும் செம்பழுப்புப் புள்ளியும் ஒரே நோய் அல்ல, வெவ்வேறு. வெள்ளைப் பொடி என்பது சாம்பல் நோய். இலை நனைந்தால்தான் பூஞ்சை வரும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது விதிவிலக்கு: இதன் வித்துகள் முளைக்க இலையின் மேல் தண்ணீர் தேவையில்லை, நெரிசலான செடிகளுக்கிடையே தேங்கி நிற்கும் ஈரக்காற்றே போதும். நிழலும், பகலில் இதமான வெப்பமும், இரவில் குளிர்ச்சியும் அதற்கு மிகவும் உகந்தவை. செம்பழுப்புப் புள்ளி வேறு. வட்டமான புள்ளியின் நடுவே சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆல்டர்நேரியா என்ற பூஞ்சையால் வரும் இலைப்புள்ளி நோய். புள்ளி கோணலாக, நரம்புகளுக்கிடையே அடைபட்டு, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு இருந்தால் அது பாக்டீரியாவின் வேலை. இவை இரண்டுக்கும் இலை ஈரம் கட்டாயம் தேவை. தண்ணீர்த் துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறி, இலைக்கு இலை தாவுவது இப்படித்தான். மாலையில் செடி முழுவதும் நனைத்துவிட்டால், அந்த ஈரம் விடியும் வரை இலையிலேயே இருக்கிறது. ஆக, ஒரு நோய்க்கு நெருக்கமும் மற்றொன்றுக்கு மாலைத் தெளிப்பும் வழிவிட்டிருக்கின்றன.

தண்ணீரைக் காலையில், தூரில் மட்டும் விடுங்கள். விரலை மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஆழமாக நனையும்படி விடுவது, தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட எத்தனையோ மேலானது. தூரைச் சுற்றி வைக்கோலோ காய்ந்த இலைச் சருகோ மூடாக்காக இட்டால் மண் தெறிப்பது குறையும். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள்.

இந்த விதி பூமிக்கு வெளியிலும் மாறவில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வெஜ்ஜி என்ற வளர்ப்புப் பெட்டியில் ஜினியா வளர்க்கப்பட்டபோது, 2015 டிசம்பரில் ஈரம் மிகுந்து, காற்றோட்டம் போதாமல், இலைகளில் பூசணம் பிடித்தது. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி பூசணம் பிடித்த பகுதிகளை வெட்டியெடுத்தார். மின்விசிறியின் வேகம் கூட்டப்பட்டது. அதில் செடிகள் அளவுக்கு மேல் காய்ந்தன. பிறகு, தரையிலிருந்து வரும் அட்டவணைப்படி தண்ணீர் விடாமல், செடியைப் பார்த்துத் தானே முடிவு செய்யும் பொறுப்பைக் கெல்லி கேட்டுப் பெற்றார். 2016 ஜனவரியில் அங்கே ஆரஞ்சு நிற ஜினியா பூத்தது.

இப்போது பாத்தியில் இருக்கும் செடிகளில், நோயுற்ற அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். அவற்றை உரக்குழியில் போட வேண்டாம். நெருக்கமான இடங்களில் நலிந்த செடியை அடியோடு வெட்டிவிடுங்கள். சாம்பல் நோய் தொடக்க நிலையில் இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிக்கலாம். அல்லது ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம். இரண்டில் ஒன்று போதும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளித்தால் இலை கருகும். 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாளிலும் கந்தகத்தைத் தொட வேண்டாம். மருந்து பரவலைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே வெளுத்த இலை மீண்டும் பச்சையாகாது. தொடர்ந்து இந்தத் தொல்லை இருக்கும் தோட்டங்களுக்கு, ப்ரொஃப்யூஷன், ஸஹாரா போன்ற குட்டைக் கலப்பின வரிசைகள் நோயை நன்கு தாங்கும்.

உரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவதற்கு முன் மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ மண்ணில் கலந்திருந்தால், தரையில் வளரும் ஜினியாவுக்குப் பருவம் முழுவதும் வேறெதுவும் தேவைப்படாமலேகூடப் போகலாம். தொட்டியில் இருப்பவற்றுக்கு மட்டும், தண்ணீரோடு சத்து வடிந்துபோவதால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த உரம் கொடுக்கலாம்.

அடுத்தது கிள்ளுவது. ஒருபருவச் செடியின் வாழ்க்கை முழுவதும் விதை வைப்பதை நோக்கியே போகிறது. வைத்த விதை முற்றத் தொடங்கியதும் புதிய மொட்டுக்கான முனைப்பு குறைந்துவிடும். விதை வைக்க விடாமல் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதுதான் தோட்டக்காரரின் வேலை. செடி 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் வந்ததும், மூன்று சோடி இலைகளுக்கு மேல் நுனியைக் கிள்ளிவிட்டால், இலை தண்டோடு சேரும் ஒவ்வோர் இலைக்கக்கத்திலிருந்தும் ஒரு கிளை புறப்படும். எதிரெதிராக இலை அமைந்த செடி என்பதால், ஒரு வெட்டுக்கு இரண்டு கிளைகள் என்ற கணக்கு ஜினியாவில் கண்முன்னே தெரியும். முதல் பூ பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போகும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். உங்கள் செடி இப்போது இடுப்பளவு இருந்தாலும், தண்டில் நலமான இலைச்சோடி இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே துணிந்து வெட்டிவிடுங்கள். பருவம் இன்னும் மீதமிருந்தால் அது கிளைத்துப் பூக்கும்.

எப்போது பூவைப் பறிப்பது என்பதைப் பூவே காட்டிக்கொடுக்கும். ஜினியாவின் மையத்தில் சின்னஞ்சிறு மஞ்சள் நட்சத்திரங்கள் போன்ற குழல்பூக்கள் ஓரத்திலிருந்து வளையம் வளையமாக விரியும். அவை மலர மலர மகரந்தச் சேர்க்கை நடந்து விதை உருவாகத் தொடங்கும். வெளியிதழ்களின் நிறமோ அதற்குப் பிறகும் பல நாட்கள் மங்காமல் இருப்பதால், பூ இன்னும் புதிதாக இருக்கிறது என்று ஏமாந்துபோகிறோம். குவளையில் வைக்கப் பறிப்பதென்றால், பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள்: விறைப்பாக நின்றால் வெட்டலாம், தலை தொய்ந்து ஆடினால் தண்டு இன்னும் முற்றவில்லை, வெட்டினால் அன்றே துவண்டுவிடும். வெட்டும்போது பூவின் கழுத்தில் வெட்டாமல், கீழே ஓர் இலைச்சோடிக்கு மேலே வெட்டுங்கள்.

இதே கத்தரியை எல்லாப் பூச்செடிகளிடமும் கொண்டுபோக வேண்டாம். செண்டுமல்லிக்கும் காஸ்மோஸுக்கும் நுனி கிள்ளுவது பொருந்தும். காஸ்மோஸ் மட்டும் வளமான மண்ணில் தழைத்துச் சாயும் இயல்புடையது என்பதால் அதற்கு உரமே வேண்டாம். பெரிய ஒற்றைக் கொண்டைக்காக வளர்க்கப்படும் கோழிக்கொண்டையையும், ஒற்றைத் தலைச் சூரியகாந்தியையும் கிள்ளினால் எதிர்பார்த்த பூவையே இழந்துவிடுவீர்கள். காசித்தும்பை தண்டை ஒட்டியே கணுதோறும் பூப்பதால் அதற்குக் கிள்ளல் தேவையில்லை. வாடாமல்லியை அதன் போக்கில் விட்டுவிடலாம். பெட்டூனியா, பத்துமணிப்பூ ஆகியவற்றின் தூள் போன்ற விதைகளை மண்ணால் மூடக் கூடாது. அவை முளைக்க வெளிச்சம் வேண்டும்.

விதை பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. உங்கள் இளஞ்சிவப்பு அடுக்குப்பூ கலப்பின ரகமாக இருந்திருந்தால், அதன் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து வெளிப்படுவது இயற்கையே. கலப்பினம் அல்லாத ரகமாக இருந்தாலும், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். மையத்தில் குழல்பூக்கள் நிறைந்த ஓரடுக்குப் பூக்களில் மகரந்தம் மிகுதி என்பதால், கலப்பில் அவற்றின் பங்கே கூடுதலாக இருக்கும். நிறமும் அடுக்கும் மாறாமல் வேண்டும் என்றால், கலப்பினம் அல்லாத ஒரே ரகத்தை மட்டும் வளர்த்து, பிடிக்காத பூ வரும் செடிகளை முதல் பூவிலேயே நீக்கிவிட வேண்டும். அந்தக் கெடுபிடி தேவையில்லை என்பவர்கள் கலவையாகவே விதைத்து மகிழலாம்.

விதைக்கென்று விடும் பூவைச் செடியிலேயே பழுப்பாகக் காயவிட்டு, மழையில்லாத நாளில் பறித்து, தாளில் பரப்பி ஒன்றிரண்டு வாரம் நிழலில் உலர்த்துங்கள். உதிர்த்துப் பார்த்தால் காய்ந்த இதழின் அடியில் அம்புமுனை போன்ற விதையும், மையப் பகுதியிலிருந்து தட்டையான விதையும் கிடைக்கும். நகத்தால் அழுத்தும்போது கெட்டியாக இருப்பதை வைத்துக்கொண்டு, சப்பையை ஊதித் தள்ளிவிடலாம். இலைப்புள்ளி நோய்கள் விதை வழியாகவும் பரவும் என்பதால், புள்ளி விழுந்த செடிகளிலிருந்து இந்த முறை விதை எடுக்க வேண்டாம். நலமான செடியின் விதையைத் தாளுறையில் இட்டு, ரகத்தையும் ஆண்டையும் எழுதி, காற்றுப் புகாத சீசாவில் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் மூன்று ஆண்டுகள் வரை நன்றாகவே முளைக்கும்.