மேற்கே மழை கொட்டும்போது மட்டக்களப்பில் ஏன் அனல் காற்று?

மலைத்தொடரின் ஒரு பக்கம் மழை பெய்ய, மறுபக்கம் மட்டும் சூடான வறண்ட காற்று வீசுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் வளர்ந்தவனுக்கு இது பாடப்புத்தகக் கேள்வி இல்லை. ஜூன், ஜூலையில் எங்களுக்குக் கச்சான் காற்று. காலை பத்து மணிக்கே முற்றத்து மணல் காலைச் சுடும். உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சாரம் கொஞ்ச நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். அதே நாள் செய்தியில் மலையின் மேற்குச் சரிவிலுள்ள கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் அடைமழை என்பார்கள்.

இரண்டும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் வேலையில் பாதியை மலை செய்கிறது.

கணக்காகவே பார்ப்போம். மேற்குக் கரையில் காற்று 28 பாகை செல்சியஸ் என்று வையுங்கள். மலையில் ஏற ஏற அழுத்தம் குறைந்து காற்று விரியும், விரிவதால் குளிரும்: முகில் உருவாகும்வரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை. 600 மீட்டரில் முகில் கட்டினால் அங்கே 22. அதற்கு மேல் நீராவி நீராகும்போது, ஆவியானபோது உள்வாங்கிய மறைவெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுவதால் குளிரும் வேகம் பாதியாகிறது. நுவரெலியா உயரத்துக்கு, அதாவது 1,800 மீட்டருக்கு வரும்போது 16 பாகை இருக்கும். நீரை மழையாக மேற்கிலேயே கொட்டியாயிற்று. இனி இறக்கம். அடைபட்ட காற்றை அமுக்கும்போது சைக்கிள் பம்ப் சுடுகிறதே, அதே கதைதான். இறங்கும் காற்றில் முகில் இல்லாததால் முழு 1,800 மீட்டருக்கும் கிலோமீட்டருக்கு 10 பாகை வீதம் ஏறி, கீழே வரும்போது 34ஐத் தொட்டுவிடும். கூடிய அந்த 6 பாகை, மேற்கில் பெய்த மழை விட்டுப்போன வெப்பம். சூடேறியும் நீராவி கூடாததால் ஈரப்பதனும் சரிந்துவிடுகிறது.

பள்ளியில் இதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை, ஏனென்றால் மழையே பெய்யாத நாளிலும் இப்படிக் காற்று வீசும். கீழ்மட்டக் காற்று மலையில் ஏற முடியாமல் தேங்கி நிற்க, உச்சி மட்டத்தில் ஏற்கெனவே உள்ள வறண்ட காற்று மறுபக்கம் சரிந்து இறங்கினாலும் விளைவு இதுதான். அல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் ஃபோன் (Föhn) என்ற சூடான காற்றில் இந்த இரண்டு வழியும் உண்டு. ராக்கி மலைகளின் சினூக்கும் இதே இனம். தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 காலை, இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை மறை 20இலிருந்து 7 பாகைக்குத் தாவியது அப்படித்தான்.

மழைப் பக்கத்துக்கும் வெயில் பக்கத்துக்கும் உள்ள எல்லையைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் ஜூலையில் பதுளை ரயிலில் ஏறுங்கள். பட்டிப்பொளையில் கண்ணாடியைத் துடைத்தாலும் ஒன்றும் தெரியாத பனிமூட்டம் இருக்கும். சுரங்கம் தாண்டி ஒகியப் பக்கம் வந்தால் பல நாள்களில் வெயில் அடிக்கும். சட்டென்று ஜன்னலைத் திறப்பவர்களைப் பார்த்தே எந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்று சொல்லலாம்.

மலை தாண்டி வரும் எல்லாக் காற்றும் சுடாது. ஏட்ரியாட்டிக் கரையின் போரா இறங்கும்போது சூடாகத்தான் செய்கிறது, ஆனால் புறப்படும்போதே அவ்வளவு குளிர் என்பதால் கடற்கரையில் நடுங்க வைக்கிறது. தமிழ்நாட்டின் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றையும் இதோடு சேர்க்காதீர்கள். அது ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகமெடுப்பது.