வராத குருவியும் போகாத குருவியும்

வணக்கம் சார்,

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மொட்டை மாடியில் ஒரு மண் தட்டில் தினையும் இன்னொன்றில் தண்ணீரும் வைத்து வருகிறேன். மாசியிலிருந்து ஆவணி வரை தினைக்குருவிகள் கூட்டமாக வந்தன. நெஞ்சில் செதில் செதிலாகப் புள்ளி போட்டவை. புறாக்களும் வரும், வீட்டுக் கோழிகளும் படியேறி வந்து மேயும். புரட்டாசி மழைக்குப் பிறகு கூட்டம் குறைந்துகொண்டே வந்து, ஐப்பசியில் ஒன்றுகூட இல்லை. கடைசி நாட்களில் ஒரு குருவி மட்டும், மற்றவை பறந்தாலும் தான் பறக்காமல் தட்டின் ஓரத்திலேயே உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் பக்கத்தில் போனால்கூட நகராது. அவ்வளவு பழகிவிட்டது. அப்புறம் அதுவும் வரவில்லை.

லண்டனில் இருக்கும் என் மகள், அங்கே தோட்டத்துக்கு வரும் ஃபிஞ்ச் குருவிகள் தொற்றுநோயால் சாகின்றன, தீனித் தட்டுதான் காரணம் என்கிறாள். நம் குருவிகளும் அப்படித்தான் போய்விட்டனவா? பக்கத்து வீட்டில், கோழிக்குக் கொடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

செ., பாலக்கோடு

அன்புள்ள டீச்சர்,

கூட்டம் வராமல் போனதை நினைத்துப் பயப்படுகிறீர்கள். ஒரு குருவி போகாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்துச் சந்தோஷப்படுகிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது.

கூட்டத்தை முதலில் பார்ப்போம். நீங்கள் சொல்வது புள்ளிச் சில்லை. அது புல் விதை தின்னும் பறவை. மாசி பங்குனியில் நம் பக்கம் தரிசெல்லாம் காய்ந்து கிடக்கும்போது உங்கள் தட்டு அதற்குப் பெரிய விஷயம். மழை விழுந்த பிறகு அப்படியில்லை. ஏரிக்கரையிலும் வரப்பிலும் புல் கதிர் விடுகிறது. மலைப்பக்கம் சாமை முற்றுகிறது. கார்த்திகை நெருங்கினால் ராகி கதிர் பிடித்து நிற்கிறது. பால் பிடித்த பச்சை விதை கண்முன்னே இருக்கும்போது கடையில் வாங்கிய உலர்ந்த தினைக்கு எதற்காக மாடியேறி வர வேண்டும்? ராயக்கோட்டைப் பக்கமோ பென்னாகரம் பக்கமோ, நீங்கள் தேடும் இதே குருவியை யாரோ ஒருவர் இந்நேரம் தகரம் தட்டி விரட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் குருவிகளைக் காணோமே என்று வருத்தப்பட்டுவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் இவை கூடும் கட்டும். முள்மரத்தில் புல்லைப் பந்தாகச் சுருட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்துக் கட்டும். குஞ்சு வளர்க்கிற நேரத்தில் கூட்டம் கலைந்துதான் இருக்கும். திரும்பி வரும்போது நெஞ்சில் செதிலே இல்லாத வெறும் பழுப்புக் குருவிகளையும் பார்ப்பீர்கள். வேறு ஜாதி என்று நினைக்க வேண்டாம், அவை இந்த வருடத்துக் குஞ்சுகள்.

சரி, அந்த ஒற்றைக் குருவி. டீச்சர், அது பழகியதாக எனக்குத் தோன்றவில்லை. காட்டுப் பறவை உடம்பு சரியில்லாததைக் கடைசிவரை மறைக்கும். மறைக்க முடியாமல் போகும்போதுதான் இறகை உப்பிக்கொண்டு, தீனிக்குப் பக்கத்திலேயே, ஆள் வந்தாலும் எழ முடியாமல் உட்காரும். அது என்ன நோய் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. பரிசோதனைச் சாலையில்தான் தெரியும். ஆனால் நோய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்கள் மகள் சொல்வதும் உண்மை. பிரிட்டனில் 2005 வாக்கில் கிரீன்ஃபிஞ்ச், சாஃபிஞ்ச் குருவிகளிடம் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி பரவியது. 2006இல் அது கொள்ளைநோயாகவே ஆகிவிட்டது. அது தொண்டையில் குடியேறும். குருவியால் விழுங்க முடியாது. வாய்க்குள் போன விதை எச்சிலோடு தட்டிலேயே விழும், அதை அடுத்த குருவி கொத்தும். சில ஆண்டுகளுக்குள் கிரீன்ஃபிஞ்ச் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு போல அழிந்தது. 2021இல், அதிக ஆபத்தில் இருக்கும் பறவைகளைக் குறிக்கும் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் அந்தப் பறவை சேர்ந்தது. இந்த ஒட்டுண்ணி புறாக்களிடம் வெகுகாலமாக இருப்பது. அவற்றிலிருந்துதான் குருவிகளுக்குத் தாவியது என்று கருதுகிறார்கள்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே 1994இல் வாஷிங்டன் நகரத்தைச் சுற்றி, கண் வீங்கி மூடிய ஹவுஸ் ஃபிஞ்ச் குருவிகளை மக்கள் தங்கள் தோட்டங்களில் பார்க்கத் தொடங்கினார்கள். கிருமி, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. கோழிப் பண்ணைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான், கோழிக்கு நாள்பட்ட சளியைக் கொடுப்பது. அந்த நோயை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: தீனித் தொட்டியில் அதிக நேரம் இருக்கும் குருவிதான் நோயை வாங்குவதிலும் பரப்புவதிலும் முன்னால் நிற்கிறது.

இரண்டு கதையையும் சொன்னதற்குக் காரணம் உங்கள் மாடிதான். அங்கே புறாவும் உண்டு, கோழியும் உண்டு. வயலில் இந்த மூன்றும் ஒரே சாண் இடத்தில் வாய் வைக்கப் போவதில்லை, நாம்தான் ஒரு தட்டில் கூட்டிவைக்கிறோம். இது உங்கள் மீது குற்றம் சொல்வதல்ல. கோடையில் உங்கள் தட்டு பெரிய ஆபத்தில்லாமல் ஓடியதற்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். ட்ரைக்கோமோனாஸ் காய்ந்தால் செத்துவிடும். ஈரத்தில்தான் பிழைக்கும். புரட்டாசி மழையில் ஊறிய தினையும் எச்சம் கலந்த தண்ணீரும் அதற்குத் தோதான இடம். ஊறிய தானியத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

ஆகவே இப்போது தட்டை எடுத்துவிடுங்கள். மிச்சத்தைக் கோழிக்குப் போடாமல் குழியில் கொட்டி மூடுங்கள். இரண்டு தட்டையும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நம்மையும் பிடிக்கும். பிறகு வைக்கும்போது ஒரு நாளில் தீர்கிற அளவு மட்டும் வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மறுபடி உப்பிய குருவியோ கண் வீங்கிய குருவியோ தெரிந்தால் இரண்டு வாரமாவது நிறுத்திவிடுங்கள். குருவிகள் பட்டினி கிடந்துவிடாது, சிதறிப் போய் மேயும். சிதறுவதுதான் அப்போது நல்லது. ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள்.

கோழி மருந்து வேண்டவே வேண்டாம். எந்தக் குருவி எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? நோயில்லாததும் குடிக்கும். நோயுள்ளது அரைகுறையாகக் குடித்துக் கொஞ்சம் தேறி, கிருமியோடு இன்னும் நாலு இடத்துக்குப் பறக்கும். ஒட்டுண்ணிக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்தும் ஒன்றல்ல.

தை அறுவடை முடிந்து தரிசு காயட்டும், மாசியில் தட்டை மறுபடி மாடியில் வையுங்கள். அதற்குள் மாடிப்படியில் கோழி ஏறாதபடி ஒரு படல் கட்டிவிடுங்கள். புறாவைத் தடுக்க, தட்டைச் சுற்றி சின்னக் கண்ணி உள்ள கம்பி வலையைக் கூண்டு போல வளைத்தால் போதும், சில்லை நுழைந்துவிடும்.